குதிரைக்கு கறிசோறு போட்டது யாரு? – என் எம்.ஏ. ப்ராஜெக்ட் கதை

எம்.ஏ. ஹிஸ்டரி கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட் ஒருவழியா முடிஞ்சுது. வைவாவும் (வாய்மொழித் தேர்வு) போன மாசம் ஆச்சு. இப்ப ஜூனியர் பசங்க தினமும் மெசேஜ் பண்ணி, அக்கா எந்த டாபிக் எடுக்கலாம், எந்த லைப்ரரி போகலாம், எத்தனை பக்கம் வரணும்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கா சொல்லி மாளல, அதான் மொத்தமா எழுதிடறேன். அறிவுரை மாதிரி இருக்காது, நான் எங்கெங்க வழுக்கி விழுந்தேன்ற கதைதான் ஜாஸ்தி.

முதல்ல நான் கொடுத்த தலைப்பு "இடைக்காலத் தென்னிந்தியாவும் வெளிநாட்டுப் பயணிகளும்". கேக்க கம்பீரமா இருக்குல்ல? யுவான் சுவாங் காஞ்சிபுரம் பத்தி எழுதினதுல ஆரம்பிச்சு மார்க்கோ போலோ, இபன் பதூதா, நிக்கோலோ கோண்டி, அப்துர் ரசாக், பயஸ், நூனிஸ்னு வரிசையா ஆளுக்கு ஒரு சாப்டர் போட்டுடலாம்னு பிளான். எங்க கைடு மேடம் அந்த பேப்பரை பார்த்துட்டு கண்ணாடியை கழட்டி வெச்சாங்க. "ஏழாம் நூற்றாண்டுலருந்து பதினாறாம் நூற்றாண்டு வரைக்கும் தொள்ளாயிரம் வருஷம்மா, உனக்கு இருக்குறது நாலரை மாசம், அதுல பொங்கல் லீவு வேற"ன்னாங்க. எனக்கு முகம் தொங்கிப்போச்சு.

அப்புறம் அவங்க சொன்ன ஒரு விஷயம்தான் இந்த ப்ராஜெக்ட்டையே காப்பாத்துச்சு. வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி 1939ல தொகுத்த புக்கு ஒண்ணு இருக்கு, மெகஸ்தனிஸ்லருந்து சீனாக்காரர் மா ஹுவான் வரைக்கும் தென்னிந்தியா பத்தி வெளிநாட்டுக்காரங்க எழுதினதெல்லாம் ஒரே இடத்துல இங்கிலீஷ்ல இருக்கும், மெட்ராஸ் யுனிவர்சிட்டி போட்டது. "இதை முழுசா படி, நோட்ஸ் எடுக்காத. எங்க உனக்கு சிரிப்பு வருதோ, எங்க 'அட இது பொய்யா இருக்குமே'ன்னு தோணுதோ அங்க மட்டும் ஒரு துண்டு பேப்பர் சொருகிட்டு வா." அவ்ளோதான். நானும் பஸ் டிக்கெட்டை எல்லாம் சொருகி வெச்சேன். திரும்ப எடுத்துட்டுப் போறப்ப பார்த்தா பாதிக்கு மேல மார்க்கோ போலோ பக்கத்துலயே சொருகி இருக்கு.

ஏன்னா அந்த மனுஷன் எழுதினதை படிச்சா பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்த மாதிரி இருக்கும். இந்த ஊர்ல எல்லாரும் வலது கையாலதான் சாப்பிடுவாங்க, தண்ணி குடிக்கிறப்போ பாத்திரத்துல உதடு படாம தூக்கி வாய்க்குள்ள ஊத்திக்குவாங்கன்னு எழுதி இருக்காரு. எங்க ஆயா இன்னிக்கும் சொம்பை அண்ணாந்துதான் குடிக்கும், நாங்க யாராச்சும் பாட்டில்ல வாய் வெச்சா ஒரு பாட்டு விழும். எழுநூறு வருஷம் முன்னாடி வெனிஸ்லருந்து வந்த ஒருத்தர் இதை கவனிச்சு வெச்சிருக்காருன்னு தெரிஞ்சப்போ எனக்கு உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. வெத்தலை போடுறது, தரையில சாணி மெழுகுறது, எல்லாம் இருக்கு. இன்னொண்ணு, கடன் வாங்கிட்டு இழுத்தடிக்கிறவனை சுத்தி கடன் கொடுத்தவன் தரையில ஒரு வட்டம் போட்டுட்டா, பணத்தை கொடுக்காம அவன் அந்த வட்டத்தை தாண்டக்கூடாதாம். ராஜாவே ஒரு வெளியூர் வியாபாரிக்கு பாக்கி வெச்சிருந்து, குதிரை மேல போறப்போ அந்த வியாபாரி குதிரையோட சேர்த்து வட்டம் போட்டு, ராஜாவும் நகராம நின்னு கடனை தீர்த்துட்டுதான் போனாராம், இதை நானே பார்த்தேன்னு போலோ சொல்றாரு.

ஆனா நான் சத்தம் போட்டு சிரிச்ச இடம் குதிரை பத்தினது. பாண்டிய நாட்டை அரபுக்காரங்க சொல்ற மாதிரி மாபார்னு சொல்றாரு, அங்க அஞ்சு அண்ணன் தம்பி ராஜாக்கள், ஒவ்வொருத்தரும் வருஷத்துக்கு ரெண்டாயிரத்துக்கும் மேல குதிரை வாங்குறாங்க, ஒரு குதிரை 500 சாஜி (அந்த காலத்து வெனிஸ் எடை அளவு) தங்கம், வருஷம் முடியுறப்போ நூறு கூட உயிரோட இருக்காதாம். ஏன்னா இங்க குதிரையை பராமரிக்கத் தெரியாது, லாடம் அடிக்கிறவன் கிடையாது, தீனியா சோத்தையும் வேகவெச்ச கறியையும் போடுறாங்க. குதிரைக்கு கறிசோறு! மேடம் அந்த துண்டு பேப்பரை மட்டும் எடுத்து தனியா வெச்சு "இதான் உன் டாபிக்"னாங்க. தொள்ளாயிரம் வருஷம் போய் ஒரு பத்தி ஆச்சு. அப்போ கோபமா வந்துச்சு, ஒரு பத்தியை வெச்சு 80 பக்கம் எப்படி எழுதுறதுன்னு. கடைசில 112 பக்கம் வந்துச்சு, குறைக்கத்தான் கஷ்டப்பட்டேன்.

அடுத்தது நான் வீணாக்குன ஒரு வாரம். எழும்பூர்ல தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கே, ஹிஸ்டரி ஸ்டூடண்ட்னா அங்கதான் போகணும்னு ஒரு நினைப்பு. காலேஜ்ல லெட்டர் வாங்கி, கையெழுத்துக்கு ரெண்டு நாள் அலைஞ்சு, உள்ள போய் உக்காந்து கேட்லாக் பார்த்தா முழுக்க கம்பெனி காலத்து ரெக்கார்டு, கலெக்டர் கடிதம், வருவாய் கணக்கு. 13ஆம் நூற்றாண்டு அங்க எங்க இருக்கும்? முதல்லயே ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். பழைய பில்டிங்கு, பெரிய ஃபேன், தூசி வாசம், ஆராய்ச்சி பண்ற ஃபீலிங் மட்டும் சூப்பரா இருந்துச்சு. நம்ம சப்ஜெக்ட்டுக்கு எது மூலம், அது கல்வெட்டா, கையெழுத்துப் பிரதியா, அச்சான புக்கான்னு ஒரு பேப்பர்ல எழுதிட்டு அப்புறமா எந்த கட்டடத்துக்கு போறதுன்னு முடிவு பண்ணுங்க. எனக்கு வேண்டியதெல்லாம் அதே எழும்பூர்ல, பாந்தியன் ரோட்ல, கன்னிமாரா லைப்ரரிலயே இருந்துச்சு. தாம்பரத்துல டிரெயின் ஏறி எழும்பூர் இறங்கி நடந்து போயிடலாம், காலையில சீக்கிரம் போனா ஃபேனுக்கு கீழ இடம் கிடைக்கும், மதியம் போனா தூக்கம்தான் வரும்.

மார்க்கோ போலோவை ஹென்றி யூல்ன்றவர் 1871ல இங்கிலீஷ்ல மொழிபெயர்த்தாரு, அதை கோர்டியேன்றவர் திருத்தி 1903ல திரும்ப வந்துச்சு. ரெண்டு பெரிய வால்யூம். நான் தமிழ் மீடியம், அந்த காலத்து இங்கிலீஷ் முதல் பத்து பக்கம் ஒண்ணுமே புரியல, அதுல வேற போலோ சொன்னது நாலு வரின்னா யூல் எழுதுன குறிப்பு ரெண்டு பக்கம் ஓடும். ஆனா போகப்போக எனக்கு போலோவை விட அந்த குறிப்புகள்தான் புடிச்சுப்போச்சு. இங்கதான் பெரிய தப்பு பண்ணேன். வீட்ல இருக்கறப்போ போன்ல பிடிஎஃப் படிச்சு நோட் எடுத்தேன், லைப்ரரில இருக்கறப்போ புக்கை பார்த்து எடுத்தேன், ரெண்டும் வேற வேற பதிப்புன்னே எனக்கு தெரியாது, பக்க எண்ணை மட்டும் எழுதி வெச்சேன். மூணு மாசம் கழிச்சு அடிக்குறிப்பு போடறப்போ நோட்ல 338ன்னு இருக்கு, புக்கை திறந்தா 338ல வேற ஏதோ ஓடுது. அறுபத்தி சொச்சம் குறிப்பு, அஞ்சு நாள், ராத்திரி ஒரு மணி வரைக்கும் உக்காந்து ஒவ்வொண்ணா தேடுனேன், அம்மா வந்து "இந்த படிப்புக்கு நீ டாக்டருக்கே படிச்சிருக்கலாம்டி"ன்னுட்டு போச்சு. நோட் எடுக்குற ஒவ்வொரு பக்கத்து தலையிலயும் எந்த பதிப்பு, எந்த வருஷம், எத்தனாவது வால்யூம், எந்த லைப்ரரின்னு எழுதுங்க. சோம்பேறித்தனம் பட்டீங்கன்னா அந்த அஞ்சு நாள் உங்களுக்கும் உண்டு.

ஊர் பேர்லயும் மாட்டிக்கிட்டேன். போலோ குதிரை வந்து இறங்குற துறைமுகத்தை காயல்ன்றாரு. நான் கண்ணை மூடிட்டு காயல்பட்டினம்னு எழுதி முதல் சாப்டரையே டைப் பண்ணிட்டேன். ஹாஸ்டல்ல இருக்குற என் ஃப்ரெண்டு ஒருத்தி தூத்துக்குடி பக்கம், அவ படிச்சுட்டு "ஏட்டி, அது எங்க பழையகாயல்லா, இது வேற அது வேற"ன்னா. நான் ஒத்துக்கல, கூகிள் மேப்பை எல்லாம் திறந்து சண்டை போட்டேன். அப்புறம் யூல் குறிப்பை சரியா படிச்சா அவ சொன்னதுதான். பிஷப் கால்டுவெல் நேர்ல போய் பார்த்து, தாமிரபரணி முகத்துவாரத்து பக்கம் இருக்குற பழையகாயல்தான் போலோ சொல்ற காயல்னு எழுதி அனுப்பி இருக்காரு. அந்த மண்ணுல மைல் கணக்கா உடைஞ்ச ஓடும் சீனப் பீங்கானும் சிதறிக் கிடந்ததை வெச்சு சொல்றாரு. ஆறு கொண்டு வந்த மண்ணு சேர்ந்து சேர்ந்து கடல் பின்னாடி போய், துறைமுகம் கிராமம் ஆயிடுச்சு. மெரினால சிலையா நிக்கிற அதே கால்டுவெல்தான், ஒப்பிலக்கணம் எழுதினவர்னு மட்டும்தான் ஸ்கூல்ல படிச்சிருந்தேன், மனுஷன் காயல் மண்ணுல ஓடு பொறுக்கி இருக்காருன்னு யாரும் சொல்லல.

நடுவுல மனசு அலைபாய்ஞ்சதையும் சொல்லிடறேன். மயிலாப்பூர் பக்கம் ஒரு மாசம் போச்சு. புனித தோமையார் உடம்பு இருக்குற ஊரை பத்தி போலோ சொல்றப்போ, சின்ன ஊரு, ஜனம் கம்மி, விக்கிறதுக்கு சரக்கு எதுவும் இல்லாததால வியாபாரிங்க வர்றதே இல்லன்றாரு. மெட்ரோ வேலைக்கு தோண்டிப் போட்டிருக்குற லஸ்ல பஸ்ஸுக்குள்ள முக்கால் மணி நேரம் நின்னுக்கிட்டு இதை படிச்சா எப்படி இருக்கும்? தோமையார் எப்படி செத்தாருன்றதுக்கு அவர் சொல்ற கதைல மயில் வருது, மயிலை குறி வெச்சு ஒருத்தன் விட்ட அம்பு தவறி இவர் மேல பட்டுச்சாம். மயிலாப்பூர்ல மயில் வராம எப்படி! அந்த இடத்து செம்மண்ணை எடுத்துட்டுப் போய் ஜுரம் வந்தவங்களுக்கு தண்ணில கலந்து கொடுப்பாங்கன்னும் இருக்கு. சாந்தோம் சர்ச்சுக்கு போய் ஒரு மத்தியானம் பூரா உக்காந்திருந்தேன். இப்ப இருக்குற கட்டடம் 1896ல கட்டுனது, போலோ பார்த்தது எதுவும் கண்ணுக்குத் தெரியாது, ஆனாலும் உக்காந்திருந்தேன். இதையெல்லாம் ஒரு சாப்டரா வெச்சேன், மேடம் "குதிரை எங்க?"ன்னு ஒரே வார்த்தைல அடிச்சுட்டாங்க. இபன் பதூதாவும் அப்படித்தான் போனாரு. மதுரைல சுல்தான் ஆட்சி நடந்தப்போ வந்து, அங்க கொள்ளைநோய்ல ஜனம் செத்ததை பார்த்து, அவருக்கும் ஜுரம் வந்து, புளியை தண்ணில கரைச்சு குடிச்சு மூணு நாள் வயித்தால போய் பொழைச்சேன்னு சொல்லி இருக்காரு. மொராக்கோ பக்கம் டாஞ்சியர்லருந்து வந்தவருக்கு நம்ம புளித்தண்ணி! வெட்ட மனசே வரல, ஆனா வெட்டுனேன். வெட்டுனதை தூக்கிப் போடாம தனி ஃபைல்ல வெச்சிருக்கேன், எப்பவாச்சும் ஆகும்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். ஜனவரி கடைசில நான் எழுதிட்டு போன சாப்டர் மொத்தமும் "மார்க்கோ போலோ கூறுகிறார், மார்க்கோ போலோ கூறுகிறார்"னு ஓடுச்சு. மேடம் கேட்டாங்க, "சரி, அவர் கூறுறார். அவருக்கு யாரு கூறினா?" எனக்கு கேள்வியே புரியல. குதிரைக்கு கறிசோறு போடுறதை அவர் லாயத்துக்குள்ள போய் பார்த்தாரா, பாஷை தெரியுமா, எத்தனை நாள் இருந்தாருன்னு அடுக்குனாங்க. அதுக்கு மேல இன்னொண்ணு, போலோ இதை தன் கையால எழுதவே இல்ல. 1298ல ஜெனோவாக்காரங்ககிட்ட கைதியா ஜெயில்ல இருக்கறப்போ, கூட இருந்த ருஸ்டிகெல்லோன்ற பீசா ஊர்க்காரர்கிட்ட சொல்லி, அவர் எழுதினது. அந்த ருஸ்டிகெல்லோ ராஜா ராணி சாகசக் கதை எழுதுறவர், அவர் கொஞ்சம் மசாலா தூவாம இருப்பாரா? முதல்ல எழுதுன பிரதியும் இன்னிக்கு கிடையாது, நகல் எடுத்தது, அதை மொழிபெயர்த்தது, அதுக்கு நகல்னுதான் இருக்கு. இபன் பதூதாவுக்கும் இதே கதை, அவர் சொல்லச் சொல்ல இபன் ஜுஸய்ன்றவர்தான் எழுதினாரு.

அன்னிக்கு சாயங்காலம் ஸ்டேஷனரி கடைல மூணு கலர் ஹைலைட்டர் வாங்குனேன். போலோவோட மாபார் அத்தியாயத்தை முழுசா ஜெராக்ஸ் எடுத்து, அவரே பார்த்திருப்பாருன்னு தோணுறதுக்கு பச்சை, யாரோ சொல்லி கேட்டதுக்கு மஞ்சள், எழுதினவர் சேர்த்திருக்கலாம்னு சந்தேகப்படுறதுக்கு ரோஸ். தண்ணி குடிக்கிறது பச்சை. சாணி பச்சை. ராஜாவுக்கு வட்டம் போட்டது, அவரே பார்த்தேன்னு சொல்றதால பச்சை, ஆனா ரோஸும் கொஞ்சம் பூசி வெச்சேன். குதிரை கிட்ட வந்தப்போ பார்த்தா மொத்தமும் மஞ்சள். எத்தனை குதிரை வாங்குறாங்க, என்ன விலை, வருஷக் கடைசில எத்தனை சாகுது, இதெல்லாம் கரையில நிக்கிறவன் கண்ணால பார்க்குற விஷயமா? வியாபாரம் பண்றவன் சொல்ற விஷயம். அதுலயே ஒரு வரி இருக்கு, குதிரை விக்க வர்ற வியாபாரிங்க லாடம் அடிக்கிறவங்களை இங்க வரவே விடமாட்டாங்களாம், ஏன்னா குதிரை சாகச் சாகத்தான் அவங்களுக்கு வியாபாரம். நான் இந்த வரியை எத்தனை தடவை படிச்சிருப்பேன், ஒரு நாளும் உறைக்கல. இவனுங்களுக்கு குதிரை வளர்க்கத் தெரியாதுன்னு சொன்னது குதிரை விக்கிறவனா இருந்தா?

இதுக்கு அப்புறம்தான் வஸ்ஸாஃப் உள்ள வந்தாரு. இவர் பாரசீகத்துல, மங்கோலியர் ஆட்சில வரி வசூல் வேலைல இருந்த வரலாற்றாசிரியர், போலோ காலத்து ஆளு. இந்தியா பத்தின பழைய பாரசீக, அரபு வரலாறுகளை இங்கிலீஷ்ல தொகுத்த எலியட்-டவுசன் புக்கோட மூணாவது வால்யூம்ல மொழிபெயர்ப்பு இருக்கு. பாரசீக வளைகுடாவுல இருக்குற கீஷ் தீவோட அதிபதி ஜமாலுத்தீன் தன் சொந்தக் குதிரைகள்ல 1,400 வருஷா வருஷம் மாபாருக்கு அனுப்பணும்னு ஒப்பந்தம், ஒரு குதிரை 220 செம்பொன் தினார், வழியில கடல்ல செத்துப்போனாலும் பாண்டியன் கஜானாவுலருந்து பணம் வந்துடும். ஜமாலுத்தீனோட தம்பி தக்கியுத்தீன் இங்க பாண்டியன்கிட்டயே மந்திரி. அண்ணன் விக்கிறாரு, தம்பி வாங்குற இடத்துல உக்காந்திருக்காரு. நம்ம ஊர் டெண்டர் கதை மாதிரியே இல்ல?

அதே வஸ்ஸாஃப், முன்னாடி ஒரு காலத்துல வருஷத்துக்கு 10,000 குதிரை போச்சு, மொத்த மதிப்பு 22 லட்சம் தினார்ன்றாரு. நான் சந்தோஷத்துல குதிச்சேன், ஏன்னா போலோ சொன்ன அஞ்சு ராஜா, ஆளுக்கு ரெண்டாயிரம், பெருக்குனா அதே பத்தாயிரம். ரெண்டு பேர் தனித்தனியா ஒரே கணக்கு சொல்றாங்க, ஆதாரம் கிடைச்சாச்சுன்னு பக்கம் பக்கமா எழுதினேன். அப்புறம் சும்மா கால்குலேட்டர்ல 10,000ஐ 220ஆல பெருக்குனேன். 22 லட்சம், ஒரு தினார் கூட குறையல. அதாவது அந்த மொத்தத் தொகை எந்த கணக்குப் புத்தகத்துலருந்தும் வந்திருக்காது, யாரோ உக்காந்து பெருக்கி இருக்காங்க. அதோட திரும்ப படிச்சப்போதான் கவனிச்சேன், 10,000 குதிரையும் மாபாருக்கு மட்டும் இல்ல, மாபார், கம்பாயத்து, அக்கம்பக்கத்து துறைமுகம் எல்லாத்துக்கும் சேர்த்து. கம்பாயத்து இருக்குறது குஜராத்ல. ஒரு வார்த்தையை தாண்டிப் போனதால என் பெரிய கண்டுபிடிப்பு கண்ணு முன்னாடியே கரைஞ்சுது. நமக்கு வேண்டிய நம்பர் கிடைச்ச அன்னிக்குத்தான் அந்த வரியை வாய்விட்டு ஒரு தடவை படிக்கணும், அவ்வளவு சந்தோஷத்துல கண்ணு எதையாச்சும் விட்டுடும்.

தீனி விஷயத்துலயும் ரெண்டு பேரும் ஒத்துப்போகல. போலோ கறியும் சோறும்ன்றாரு, வஸ்ஸாஃப் வறுத்த பார்லி, வெண்ணெய்ல சமைச்ச தானியம், காய்ச்சுன பசும்பால்ன்றாரு. ரெண்டுலயும் பொதுவா இருக்குறது, "பச்சையா கொடுக்காம சமைச்சு கொடுக்குறாங்க"ன்ற புகார்தான். இது எனக்கு மண்டைல ஓடிட்டே இருந்துச்சு. குதிரை நிஜமா என்னதான் சாப்பிடும்? சிட்டில பொறந்த எனக்கு தெரியாது. யாரை கேக்குறது?

மெரினாவுக்கு போனேன். சாயங்காலம் நாலரை மணி, சவாரி கூட்டம் வர்றதுக்கு முன்னாடி. வெள்ளை குதிரை ஒண்ணு, நெத்தில கலர் குஞ்சம், பக்கத்துல சுண்டல் தின்னுக்கிட்டு ஒரு அண்ணன். சவாரி போகலாமான்னாரு, இல்லண்ணா காலேஜ் ப்ராஜெக்ட்டுன்னேன், ஒரு மாதிரி பார்த்தாரு. ஐம்பது ரூபா கொடுத்து ஒரு ரவுண்டு போனேன், அப்புறமா பேச்சு வந்துச்சு. கொள்ளுதான் முக்கியம், கோதுமைத் தவிடு, புல்லு, லாடம் மாசத்துக்கு ஒரு தடவை மாத்தணும், மணல்ல நடக்குறதால சீக்கிரம் தேயாது ஆனா நகம் வளரும். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது, வயித்துல ஏதாச்சும் மாட்டிக்கிச்சுன்னா உருண்டு உருண்டே செத்துடும், அதனால தீனில மட்டும் விளையாடக்கூடாதுன்னாரு. நான் போலோ கதையை சொன்னேன். சுண்டல் பொட்டலத்தை கசக்கிப் போட்டுட்டு சொன்னாரு பாருங்க:

"குதிரைக்கு கறிசோறா? எவனோ அந்தாளாண்ட நல்லா கதை வுட்டுக்கிறான்மா."

நாலு மாசம் நான் கன்னிமாரால உக்காந்து கண்டுபிடிச்சதை மனுஷன் நாலு செகண்டுல சொல்லிட்டாரு. இன்னொண்ணும் அவர்கிட்டருந்து எடுத்தேன். கொள்ளை வேகவெச்சு கொடுப்போம்னு சொன்னாருன்னு வெச்சு, கடற்கரைல வேகவெச்ச தானியம் கொடுக்குறதை பார்த்த ஒரு அரபு வியாபாரி, பச்சை பார்லி கொடுத்து பழக்கப்பட்டவன், "இவனுங்க குதிரைக்கு சமைச்சுப் போடுறானுங்க"ன்னு சொல்லி, அது வாய் மாறி வாய் மாறி போலோகிட்ட வர்றதுக்குள்ள கறிசோறு ஆகி இருக்கலாம்னு ஒரு பத்தி எழுதினேன். ஊகம்னு தெளிவா போட்டுத்தான் எழுதினேன். மேடம் முதல்ல "மெரினா குதிரைக்காரரை அடிக்குறிப்புல போடுவியா?"ன்னு சிரிச்சாங்க, அப்புறம் கள ஆய்வுன்னு தேதி நேரம் போட்டு பின்னிணைப்புல வைன்னாங்க.

நம்ம பக்கத்து ஆதாரம் இல்லாம முடிக்கக்கூடாதுன்னு ஒரு சின்ன சாப்டர். பட்டினப்பாலைல "நீரின் வந்த நிமிர்பரிப் புரவி"ன்னு வருது, அதாவது அந்த காலத்துலயே காவிரிப்பூம்பட்டினத்துக்கு கப்பல்ல குதிரை வந்திருக்கு. மாணிக்கவாசகர் பாண்டியனுக்கு குதிரை வாங்கத்தான் பணத்தோட கிளம்புனாரு, அந்த பணம் கோயிலுக்குப் போய், நரி பரியாகி, ராத்திரி பரி நரியாகி லாயத்துல இருந்த குதிரையை எல்லாம் கடிச்சுப்போட்ட கதை எல்லாருக்கும் தெரியும். சின்ன வயசுல சாமி கதையா கேட்டது. இப்ப யோசிச்சா, கடற்கரைல காசு கொட்டி வாங்குன குதிரை வீட்டுக்கு வந்ததும் இல்லாம போயிடுதுன்ற ஒரு ராஜாவோட வயித்தெரிச்சல் அந்த கதைக்குள்ள இருக்கோன்னு தோணுது. இதை எழுதலாமான்னு பயந்து கேள்வியா மட்டும் வெச்சேன்.

எழுதி முடிச்சப்புறம் வந்த தொல்லைங்க தனி. வாட்ஸாப்ல ரொம்ப நாளா சுத்துற, போலோ தமிழ் மன்னனை ஆஹா ஓஹோன்னு புகழ்ற ஒரு வரியை முன்னுரைல வெச்சிருந்தேன். பக்க எண் எங்கன்னு கேட்டாங்க. ரெண்டு வால்யூமையும் ரெண்டு நாள் புரட்டுனேன், அப்படி ஒரு வரியே இல்ல. எடுத்துட்டேன், எங்க ஃபேமிலி குரூப்ல அது இன்னும் மாசத்துக்கு ஒரு தடவை வந்துட்டுதான் இருக்கு, நான் இப்பல்லாம் சொல்றது இல்ல. அப்புறம் பிரிண்ட். நான் யுனிகோட்ல டைப் பண்ணதை ஒரு டிடிபி கடைல கொடுத்தேன், அவங்க சிஸ்டம்ல வேற ஃபாண்ட்டுக்கு மாத்தி இருக்காங்க, ஒற்றைக் கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம், அடிக்குறிப்பு நம்பர் எல்லாம் காணோம், நான் பார்க்காம பைண்டிங்குக்கே போயிடுச்சு. திரும்ப எடுக்க 1,900 ரூபா. வீட்லயே பிடிஎஃப் ஆக்கி, அதை ஒவ்வொரு பக்கமா பார்த்துட்டு, பிடிஎஃப் மட்டும் கொடுங்க, வேர்ட் ஃபைல் கேட்டா இல்லன்னு சொல்லிடுங்க.

வைவால வெளி காலேஜ்லருந்து வந்த சார் பாதி நேரம் அமைதியா புரட்டிட்டே இருந்தாரு. அப்புறம் கேட்டாரு, "அப்ப கடைசியா என்னம்மா, கறிசோறு போட்டாங்களா இல்லையா?" தெரியல சார்னேன். போட்டாங்கன்னு யாரு சொல்லி இருப்பாங்கன்றதுக்கு மட்டும்தான் என்கிட்ட பதில் இருக்குன்னேன். அவர் மேடத்தை பார்த்தாரு, மேடம் ஜன்னலை பார்த்தாங்க. அடுத்த கேள்வி பெருக்கல் கணக்கு பத்தி வந்துச்சு, அதுல பொழைச்சேன்.

முடிஞ்ச சந்தோஷத்துல போன ஞாயித்துக்கிழமை அந்த அண்ணனுக்கு அவர் வர்ற பக்கத்தை ஜெராக்ஸ் போட்டு எடுத்துட்டுப் போனேன். அதே இடம், அதே வெள்ளை குதிரை. அவர் படிக்க சொன்னாரு, நான் நின்னு சத்தமா படிச்சேன், பக்கத்துல ரெண்டு குதிரைக்காரங்களும் வந்து நின்னாங்க. கொள்ளு வர்ற இடத்துல கையை காட்டி நிறுத்தினாரு.

"வேகவெச்சா? நான் எங்கம்மா வேகவெச்சு சொன்னேன்? ஊறவெச்சுன்னு சொன்னேன். மழைக்காலத்துல மட்டும்தான் வேகவெப்போம்."

அன்னிக்கு நான் போன்ல ரெக்கார்ட் பண்ணல. அலை சத்தத்துல சரியா விழாதுன்னு விட்டுட்டேன், நோட்டும் எடுக்கல, வீட்டுக்கு டிரெயின்ல வர்றப்போ கிண்டி தாண்டிதான் ஞாபகத்துலருந்து எழுதினேன். மூணு காப்பி பைண்டிங் போட்டு, சீல் வெச்சு, ஒண்ணு டிபார்ட்மெண்ட் லைப்ரரிலயே ஏறிடுச்சு. மேடத்துகிட்ட இன்னும் சொல்லல.